பாசிக்குப் பேர் வச்சது யாரு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தாவரவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தரப்பட்டுள்ளது.)



விழாவில் சேமிப்பு பற்றியும் வங்கிக் கடன் பற்றியும் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். நீங்க தினமும் கையில தொடுற பாசியைப் பற்றி மட்டும் பேசுறேன். ஒரு பாசி "புதுசு" என்று யார் சொல்றாங்க, எப்படிச் சொல்றாங்க, அதுக்கு யார் பேர் வைக்கிறாங்க, அதனால நமக்கு என்ன என்பதுதான் என் பேச்சு. கடைசியில் மூணு தீர்மானம் கேட்பேன். அதை நிறைவேத்துறதும் விடுறதும் உங்க விருப்பம்.

முதலில் நம்ம பேர்களைப் பார்ப்போம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. இந்தப் பேரையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் வைக்கலை. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி எடுத்த நம்ம அம்மாமார்கள் புழங்கின பேர். மரிக்கொழுந்துச் செடி மாதிரி பக்கவாட்டில் சிறு சிறு இலையாகக் கிளை விட்டிருக்கும், அதனால் மரிக்கொழுந்து. கஞ்சி காய்ச்சினால் கொழகொழவென்று இறுகும், அதனால் கஞ்சிப்பாசி. பேரிலேயே அடையாளமும் இருக்கிறது, பயனும் இருக்கிறது.

இப்போ அறிவியல் பேரைப் பாருங்க. கஞ்சிப்பாசிக்குப் பெரும்பாலான புத்தகங்களில் உள்ள பேர் கிராசிலேரியா எடுலிஸ். எடுலிஸ் என்றால் லத்தீன் மொழியில் "சாப்பிடத் தக்கது" என்று பொருள். 1768-ஆம் ஆண்டில் க்மெலின் என்ற ஜெர்மானியர் கடற்பாசிகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அதில் வைத்த பேர் அது. அவர் நம்ம ஊர்ப் பெண்களைப் பார்த்ததில்லை. நம்ம பெண்கள் அவர் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கவனிச்சுத்தான் பேர் வச்சிருக்காங்க: இது வயித்துக்கு ஆகும். நோன்பு மாசத்தில் கடல்பாசி காய்ச்சுகிற வீடுகளில் இருக்கிற நம்ம சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டியாகிற பொருள்தான் அகர்.

மரிக்கொழுந்தின் கதை இன்னும் பழசு மாதிரி இருக்கும். அதன் அறிவியல் பேர் ஜெலிடியெல்லா அசெரோசா. அந்தப் பேருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஃபோர்ஸ்கோல் என்று ஒருத்தர் பேர் இருக்கும். அதற்கும் பின்னால் ஃபெல்ட்மான், ஹாமெல் என்று இருவர் பேர் இருக்கும். இது என்ன கணக்கு? நம்ம தீர்மான நோட்டில் "முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்" என்று எழுதுகிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரிதான். ஃபோர்ஸ்கோல் சுவீடன் நாட்டு அறிஞர். டென்மார்க் மன்னர் அனுப்பிய குழுவோடு அரேபியாவுக்குப் போனவர். செங்கடல் கரையில் பாசி சேகரித்தார். 1763-இல் ஏமன் நாட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அந்தக் குழுவில் உயிரோடு திரும்பி வந்தவர் ஒருவர்தான், நீபூர். அவர் தன் தோழர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை 1775-இல் அச்சில் கொண்டுவந்தார். அதில் இந்தப் பாசியும் இருந்தது. பிறகு 1934-இல் ஃபெல்ட்மானும் ஹாமெலும் இதை இன்று உள்ள குடும்பப் பேருக்கு மாற்றினார்கள். முதலில் எழுதினவர் அடைப்புக்குறிக்குள்ளே, பிறகு மாற்றினவர் வெளியே. ஆள் இறந்துபோனாலும் அவர் எழுதி வச்ச நோட்டு பிழைச்சது, அதனால் அவர் பேரும் பிழைச்சது. இதை மனசில் வச்சுக்குங்க. கடைசியில் இதற்கு வருவேன்.

இப்போ ஒரு கேள்வி. நாம கட்டி வளர்க்கிற பாசி பச்சையாகவும் இருக்கு, பழுப்பாகவும் இருக்கு. அதை ஏன் சிவப்புப் பாசி என்று சொல்றாங்க?

எல்லாச் செடியிலும் பச்சையம் இருக்கிறது. சிவப்புப் பாசியில் அதோடு சேர்ந்து ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்புச் சாயமும் இருக்கிறது. கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு ஒளி சீக்கிரம் மங்கிவிடும். நீலமும் பச்சையும்தான் ஆழத்துக்குப் போகும். அந்த ஒளியைப் பிடித்துக்கொள்ளத்தான் இந்தச் சிவப்புச் சாயம். சில பாசியில் இந்தச் சாயம் குறைவாக இருக்கும், அப்போது பச்சையாகத் தெரியும். பாசியைக் காய வைக்கும்போது மழை பட்டால் சாயம் கழன்று ஓடுவதையும், வெயிலில் வெளுத்துப் போவதையும் நீங்க பார்த்திருக்கீங்க. நல்ல தண்ணியில் கரைகிற சாயம் அது. ஆக, நிறத்தை வச்சு மட்டும் பாசியை அடையாளம் சொல்ல முடியாது. ஒரே பாசி மூணு நிறத்தில் இருக்கலாம். ஒரே நிறத்தில் மூணு பாசியும் இருக்கலாம்.

அப்போ உருவத்தை வச்சுச் சொல்லலாமே? அதிலும் சிக்கல் இருக்கிறது. அலை அடிக்கிற பாரில் வளர்கிற பாசி குட்டையாக, கெட்டியாக இருக்கும். அதே பாசியை அமைதியான தண்ணியில் தெப்பத்தில் கட்டினால் நீளமாக, மெலிசாகப் போகும். மீன் கடித்த பாசி வேறு மாதிரி கிளைக்கும். ஒரே தாய் வயித்துப் பிள்ளைகள் ஒன்று வெயிலில் வேலை செய்து கறுத்து, இன்னொன்று நிழலில் இருந்து வெளுத்த மாதிரி.

அதனால்தான் ஒரு பாசி புதுசு என்று சொல்ல நிறைய வேலை இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்றேன்.

முதலில் சேகரிப்பு. எந்த நாள், எந்த இடம், எத்தனை ஆழம், பாறையில் இருந்ததா, மணலில் இருந்ததா, பவளத்தில் ஒட்டியிருந்ததா என்று எழுதணும். பாசியைக் கழுவி, கெட்டிக் காகிதத்தில் விரித்து, அழுத்திக் காய வைக்கணும். அதே பாசியில் ஒரு சின்னத் துண்டை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளுக்குள் போட்டு வைக்கணும். அது டி.என்.ஏ. பார்ப்பதற்கு. புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாக இருக்குமே, அதே மணிதான்.

இரண்டாவது, நுண்ணோக்கியில் பார்ப்பது. பிளேடால் மெல்லிசாகச் சீவி, வெளி அடுக்கில் செல்கள் எத்தனை வரிசை, உள்ளே பெரிய செல்கள் எப்படி அடுக்கியிருக்கு என்று பார்க்கணும். முக்கியமாக, பாசி இனப்பெருக்கம் செய்கிற இடத்தைப் பார்க்கணும். சிவப்புப் பாசியின் குடும்ப வாழ்க்கை வித்தியாசமானது. ஆண் செல்லுக்கு நீந்துகிற வால் கிடையாது. தண்ணி எங்கே கொண்டு போகிறதோ அங்கே போகும். பெண் பாசியில் நீண்ட மயிர் மாதிரி ஒன்று இருக்கும். அதில் வந்து ஒட்டினால்தான் கருக் கூடும். கரு தாய்ப் பாசி மேலேயே மொட்டு மாதிரி வளரும். கஞ்சிப்பாசி மேலே அங்கங்கே பரு மாதிரி திரண்டு இருப்பதை நீங்க தடவிப் பார்த்திருப்பீங்க. அது நோய் இல்லை. அது சூல் கொண்ட பெண் பாசி. அதிலிருந்து விழுகிற விதைத்தூள் மூன்றாவதாக ஒரு செடியாக வளரும். அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்த மூன்றாவது செடி விடுகிற தூளிலிருந்துதான் மறுபடி ஆணும் பெண்ணும் வரும். இந்த மூன்றையும் பார்த்தால்தான் ஒரு பாசியைப் பற்றி முழுசாகச் சொல்ல முடியும்.

மூன்றாவது, பழைய பேர்களோடு ஒப்பிடுவது. தாவரப் பேர்களுக்கு 1753-ஆம் வருஷம் லின்னேயஸ் எழுதின புத்தகம்தான் தொடக்கம். அதிலிருந்து இன்று வரைக்கும் வச்ச பேர்களில் இது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடணும். சிவப்புப் பாசியில் மட்டும் 7,000-க்கு மேல் இனங்கள் பதிவாகியிருக்கு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு மாதிரிப் பாசி எங்கேயாவது ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் இடத்தில் இருக்கும். எடைக்கல்லுக்குச் சந்தேகம் வந்தால் முத்திரைக் கல்லோடு வைத்துப் பார்ப்பது மாதிரி, அந்த மாதிரியோடு ஒப்பிடணும்.

நான்காவது, டி.என்.ஏ. இது இப்போ இருபது, முப்பது வருஷமாக வந்தது. உருவத்தில் பொய் சொல்கிற பாசியும் இதில் அகப்பட்டுக்கொள்ளும்.

ஐந்தாவது, எழுதி அச்சில் கொண்டுவருவது. லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் எழுதி, மாதிரிப் பாசியை எந்த ஹெர்பேரியத்தில் வைத்திருக்கிறோம் என்று சொல்லி வெளியிட்டால்தான் பேர் செல்லும். 2012 வரைக்கும் லத்தீன் மட்டும்தான் செல்லும் என்று இருந்தது. இந்த அஞ்சும் முடிந்த பிறகுதான் ஒரு பாசி "புது இனம்".

இப்போ நடந்த கதை ஒன்று சொல்றேன். நம்மள மாதிரியே பாசி கட்டிப் பிழைக்கிறவர்கள் கதை.

மலேசியாவில் சபா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. போர்னியோ தீவில் இருக்கிறது. அங்கேயும் கயிற்றில் விதைப்பாசியைக் கட்டிக் கடலில் விடுகிறார்கள். கட்டுகிற வேலையில் பெரும் பங்கு பெண்களுடையது. அவர்கள் வளர்க்கிறதும் நாம் வளர்க்கிற கப்பாபைகஸ் வகைதான். அந்தக் கடலோடிகள் தங்கள் பாசிகளுக்குள் ஒன்றை மட்டும் "ஆரிங் ஆரிங்" என்று தனிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அறிவியல் புத்தகத்தில் அதற்குத் தனிப் பேர் கிடையாது. பார்க்க மற்றதைப் போலவே இருந்ததால் எல்லாப் பாசியோடும் கலந்து கட்டப்பட்டது. தெப்பத்துப் பாசியில் மொட்டோ சூலோ காண்பது அபூர்வம். வெட்டி வெட்டிக் கட்டுவதால் அது பூக்கிற வேலையே இல்லாமல் வளர்கிறது. ஆகவே நுண்ணோக்கியிலும் எளிதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மலாயா பல்கலைக்கழகத்தில் ஜி டான், லிம் பைக் ஈம், பாங் சியூ மோய் ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள். பின்னால் சொன்ன இருவரும் பெண் பேராசிரியர்கள். செல்லின் இரண்டு வெவ்வேறு பகுதிகளில் உள்ள டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னது: ஆரிங் ஆரிங் தனி இனம். 2014-இல் கப்பாபைகஸ் மலேசியானஸ் என்று பேர் வைத்து வெளியிட்டார்கள். அந்தத் தென்கிழக்கு ஆசியத் தீவுப் பகுதிக்குத் தாவரவியலில் மலேசியா என்று ஒரு பொதுப் பேர் உண்டு. அதிலிருந்து வந்த பேர் அது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஆரிங் ஆரிங்கிலும் கேராஜீனன் கிடைக்கும். ஆனால் எடை குறைவாகத்தான் கட்டும். அதாவது மற்றப் பாசியோடு கலந்து கட்டினால் மகசூல் குறையும். அக்காமாரே, இதைக் கவனிங்க. அந்த ஊர் மக்கள் "இது வேற" என்று கண்டுபிடித்துத் தனிப் பேரே வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகள் பின்னால் வந்து "ஆமாம், இது வேறதான்" என்று நிரூபித்தார்கள். முதலில் கண்டது கட்டுகிற கை.

இனி நம்ம தெப்பத்துக்கு வருவோம். நாம கட்டுகிற பாசியின் பேர் கப்பாபைகஸ் அல்வாரெசியை. இந்தக் கரையில் இதற்கு "பெப்சிப் பாசி" என்று பேர் விழுந்துபோச்சு. அந்தக் கம்பெனி இங்கே இதை வளர்க்க வந்ததால் வந்த பேர். அல்வாரெஸ் யார் தெரியுமா? ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாக்ஸ்வெல் டோட்டி பிலிப்பைன்ஸில் பாசி வளர்ப்பைத் தொடங்கி வைத்தபோது அவருடன் உழைத்தவர், விசென்டே அல்வாரெஸ். 1985-இல் டோட்டி இந்தப் பாசிக்கு அவர் பேரை வைத்தார். கூட உழைத்தவர் பேர் இன்று உலகம் முழுக்க ஒவ்வொரு மூட்டையோடும் போகிறது. ஆனால் வியாபாரிகள் இன்னமும் இதைக் "காட்டோனி" என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு ஒரு பாசியின் பேர். டோட்டி பிரித்துச் சொல்வதற்கு முன்னால் இதையும் அதுவென்று நினைத்திருந்தார்கள். பேர் திருத்தியாச்சு, சந்தையில் பழக்கம் மாறலை. ஒரு தடவை தப்பாக விழுந்த பேர் எத்தனை வருஷம் நிற்கும் பாருங்க.

நம்ம நாட்டுக்கு இந்த விதை 1984-இல் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் வந்தது. பிறகு மண்டபத்தில் சோதித்து, 2000-க்குப் பிறகு சுய உதவிக் குழுக்கள் கைக்கு வந்தது. மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் மூங்கில் தெப்பம், சுமார் 60 கிலோ விதை, 45 நாள். இந்தக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்த விதை முழுக்க ஒரு சின்னக் கையிருப்பிலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கினது. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகத்தில் பல நாட்டில் வளர்க்கிற அல்வாரெசியைப் பாசிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே தாயின் வழி என்று காட்டியது. ஒரே வழி என்றால் என்ன ஆபத்து? ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளாத சூடு எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஒன்றுக்கு வருகிற நோய் எல்லாவற்றுக்கும் வரும். 2013-க்குப் பிறகு இந்தக் கரையில் தெப்பம் தெப்பமாகப் பாசி வெளுத்து உதிர்ந்ததை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எத்தனை குழு கடன் தவணை கட்ட முடியாமல் தவித்தது என்பது இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர்ச் சூடுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் பலவித விதை கையில் இருந்திருந்தால் சிலதாவது தாக்குப்பிடித்திருக்கும்.

அடையாளம் தெரிவது இன்னொரு விதத்திலும் முக்கியம். 2008-இல் குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே என்ன பாசி இருக்கிறது, எது இயற்கையாக இருந்தது, எது தெப்பத்திலிருந்து போனது என்பதை வைத்துத்தான் சட்டமும் தடையும் வருகிறது. அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் நம்ம கையில் பதிவு இல்லை என்றால், மற்றவர்கள் எழுதினதை வைத்துத்தான் முடிவாகும்.

இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு மனசு ஆறாது. காத்லீன் ட்ரூ பேக்கர். இங்கிலாந்தில் 1901-இல் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சி செய்தவர். 1928-இல் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான பெண்ணுக்கு வேலை இல்லை என்பது அன்றைக்கு அங்கே விதி. வேலை போயிற்று. அவர் ஆராய்ச்சியை விடவில்லை. சம்பளப் பதவி இல்லாமலே அங்கே ஆய்வாளராகத் தொடர்ந்தார்.

போர்ஃபைரா என்று ஒரு சிவப்புப் பாசி. காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும். ஜப்பானில் அதைத்தான் நோரி என்று காய வைத்துச் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுகிறார்கள். இந்தப் பாசி கோடையில் காணாமல் போய்விடும், குளிர்காலத்தில் திடீரென்று வரும். விதை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், ஒரு வருஷம் ஒன்றும் இருக்காது. அதனால் அதைச் "சூதாடிப் புல்" என்றே சொன்னார்களாம். இன்னொரு பக்கம், சிப்பி ஓட்டுக்குள் நூல் மாதிரி வளர்கிற இளஞ்சிவப்புப் பாசி ஒன்று இருந்தது. அதைத் தனி இனமாக வைத்து, 1892-இலேயே கான்கோசெலிஸ் ரோசியா என்று பேரும் வைத்திருந்தார்கள்.

ட்ரூ பேக்கர் போர்ஃபைராவின் விதைத்தூளைச் சிப்பி ஓட்டின் மேல் வளர்த்துப் பார்த்தார். அது ஓட்டுக்குள் புகுந்து கான்கோசெலிஸாக வளர்ந்தது. ரெண்டு இனம் என்று நினைத்தது ரெண்டும் ஒரே பாசி. ஒன்று குளிர்காலக் கோலம், இன்னொன்று கோடைக்காலக் கோலம். 1949-இல் இதை வெளியிட்டார். ஜப்பானிய அறிஞர்கள் இதைப் படித்து, சிப்பி ஓட்டில் விதை வளர்த்து வலையில் ஏற்றும் முறையை உருவாக்கினார்கள். சூதாட்டமாக இருந்த தொழில் வருமானமுள்ள தொழிலாயிற்று. ட்ரூ பேக்கர் 1957-இல் இறந்தார். ஜப்பானைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1963-இல் ஜப்பானில் உட்டோ என்ற ஊரில், கடலைப் பார்த்த மாதிரி, பாசி வளர்ப்பவர்கள் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 அன்று அங்கே கூடி வணங்குகிறார்கள். "கடலின் தாய்" என்று சொல்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் பாருங்க. ஆரிங் ஆரிங் கதையில் ஒன்று என்று நினைத்தது இரண்டாயிற்று. இந்தக் கதையில் இரண்டு என்று நினைத்தது ஒன்றாயிற்று. இரண்டிலும் அந்தத் தெளிவுதான் தொழிலாளிக்கு உதவியது. பேர் வைப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு இல்லை. எந்த விதை, எந்தப் பருவம், எந்தக் கடல் என்று தெரிந்துகொள்ளும் வழி அது.

நம்ம கரையிலும் பெருமைப்பட ஆள் இருக்கிறார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-இல் சீகாலஜி என்ற உலக அமைப்பின் விருது கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டி, கடலுக்கும் பங்கம் வராமல் பிழைப்புக்கும் பங்கம் வராமல் வழி கண்டதற்காக. பள்ளிப் படிப்பால் வந்த விருது அல்ல அது, கடல் படிப்பால் வந்தது.

இனி அந்த மூணு தீர்மானம்.

முதலாவது, ஒவ்வொரு குழுவிலும் சேமிப்பு நோட்டு, தீர்மான நோட்டு இருக்கிற மாதிரி ஒரு பாசி நோட்டு வைக்கணும். செலவு ஒன்றும் இல்லை. தேதி, இடம், நம்ம ஊர்ப் பேர், நிறம், தொட்டால் எப்படி, எந்த மாசம் வந்தது, எப்போ போனது. விதைப்பாசி வாங்கினால் யாரிடம் வாங்கினோம், எத்தனை கிலோ கட்டினோம், எத்தனை கிலோ எடுத்தோம், காய்ந்தது எத்தனை. எழுதத் தெரியாத பெரியம்மா சொல்லட்டும், பத்தாவது படிக்கிற பேத்தி எழுதட்டும். மெதுவாக வளர்கிற விதை, வேற மாதிரி தெரிகிற விதை வந்தால் அதை மற்றதோடு கலக்காமல் தனித் தெப்பத்தில் கட்டி அடையாளக் கயிறு போடுங்க. பத்துத் தெப்பத்தில் ரெண்டு தெப்பம் அளவுக்கு மந்த விதை கலந்திருந்தால் நஷ்டம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. தனியாக இருந்தால் 45 நாளில் தராசு சொல்லிவிடும்.

இரண்டாவது, பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும். அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கணும். அதில் மரம், மாடு, நெல் எல்லாம் எழுதுகிறார்கள். கடலோர ஊராட்சியில் பாசியும் எழுதப்படணும், நம்ம வைத்த பேரோடு எழுதப்படணும். அந்தக் குழுவில் பெண்களுக்கு இடம் உண்டு. அடுத்த கிராம சபையில் நம்ம ஊர்ப் பதிவேடு எங்கே, அதில் பாசி இருக்கிறதா என்று கேளுங்க. ஒருத்தி கேட்டால் உட்காரச் சொல்லுவாங்க. குழுவாகக் கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டுவாங்க.

மூன்றாவது, பாசியைக் காட்டச் சொல்லி வெளியூரிலிருந்து படிக்கிற பிள்ளைகள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருவார்கள். நல்லபடியாகக் காட்டுங்க, அறிவு வளரட்டும். ஆனால் உலர்த்தின பாசியை ஒட்டுகிற காகிதத்தில் ஒரு மூலையில் சீட்டு இருக்கும். அதில் "சேகரித்தவர்" என்று ஒரு வரி உண்டு. முங்கி எடுத்துக் கொடுத்தது யாரோ, அவர் பேரையும் அந்த வரியில் எழுதச் சொல்லுங்க. உள்ளூர்ப் பேர் என்ற வரியில் நம்ம பேரை எழுதச் சொல்லுங்க. ஏமனில் இறந்துபோன ஃபோர்ஸ்கோல் பேர் இரண்டரை நூறு வருஷம் தாண்டி நிற்பதற்குக் காரணம் ஒரு நோட்டும் ஒரு காகிதமும்தான். நம்ம பேர் நிற்பதற்கும் அது போதும்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இன்னும் பேர் வைக்காத பாசி இருக்குமா என்று கேட்டால், இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்பேன். உலகத்தில் ஒவ்வொரு வருஷமும் புதுப் பாசிகள் பதிவாகிக்கொண்டே இருக்கு. அதை முதலில் பார்க்கப்போவது கப்பலில் வருகிறவர் இல்லை. பார் இடுக்கில் கையை விட்டு, "என்னடி இது, இதுவரை பார்க்காததா இருக்கே" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லப்போகிற நம்மில் ஒருத்திதான். அப்படிப் பார்க்கிற அன்றைக்கு அதைப் பறித்து எறிந்துவிடாமல், கொஞ்சம் கரைக்குக் கொண்டுவந்து, நோட்டில் எழுதி, கூட்டமைப்பில் சொல்லுங்க. மற்ற வேலையைச் செய்ய எங்களை மாதிரி ஆட்கள் இருக்கோம்.

  மூணு தீர்மானத்தையும் முன்மொழிய யாராவது எழுந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.